சந்து வரைக்கும் நாங்கள், அதற்கு அப்பால் நீங்கள்

ஒரு வாசகரின் கேள்வி இது: "வளரும் நாடுகளின் நகரங்கள் வீங்கிக்கொண்டே போகின்றன. அரசுகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. அங்கிருக்கும் ஏழை மக்கள் தாங்களே கைபோட்டுச் சாக்கடை, கழிப்பறை, வீடு என்று சரிசெய்துகொண்டதாகப் படிக்கிறோம். அது உண்மையா, தொண்டு நிறுவனங்கள் ஆண்டறிக்கைக்காக எழுதும் கதையா? எங்கள் புறநகர்த் தெருவில் இன்னும் பாதாளச் சாக்கடை வரவில்லை. நாங்களே பணம் போட்டுச் செய்யலாமா என்று யோசிக்கிறோம். செய்யலாமா?"

முதல் கேள்விக்குப் பதில்: இரண்டும் உண்டு. ஆண்டறிக்கைக் கதைகள்தான் அதிகம். நிஜமானவற்றில் கராச்சியின் ஒராங்கியை எடுத்துக்கொண்டு கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். "மக்களே பார்த்துக்கொள்ளட்டும்" என்ற பேச்சில் எதுவரை நியாயம், எங்கிருந்து ஏமாற்று என்பதை அங்கே தெளிவாகப் பார்க்க முடியும். உங்கள் தெருவைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

ஒராங்கி, கராச்சியின் வடமேற்கு ஓரத்தில் குன்றுகளை ஒட்டிய பகுதி. 1960களில் குடியேற்றம் தொடங்கியது. 1971இல் வங்கதேசம் பிரிந்த பிறகு அங்கிருந்து வந்த உருது பேசும் பிகாரிகள் ஏராளமாகக் குடியேறினார்கள். நிலம் அரசுப் புறம்போக்கு. தரகர்கள் கோடு கிழித்து, சந்து விட்டு, மனை போட்டு விற்றார்கள். யார் யாருக்குக் கொடுக்க வேண்டுமோ கொடுத்துவிடுவார்கள். வீடு கட்ட வங்கி கடன் தராது. ஆனால் 'தல்லா' என்று அங்கே சொல்லும் சிமெண்ட் கல் பட்டறைக்காரர் கல்லைக் கடனுக்குத் தருவார், கொத்தனாரையும் காட்டிவிடுவார். இப்படியே லட்சக்கணக்கான பேர் அரசிடமிருந்து ஒரு பைசாகூட வாங்காமல் வீடு கட்டிக்கொண்டார்கள். ஆக, "மக்களுக்குச் சொந்தமாகச் செய்யத் தெரியாது" என்ற பேச்சுக்கு அங்கே ஆரம்பத்திலிருந்தே இடமில்லை.

செய்யாமல் விட்டது சாக்கடையைத்தான். வாளிக் கக்கூஸ், உறிஞ்சுகுழி, மற்றதெல்லாம் சந்தின் நடுவே ஓடும்.

1980இல் அங்கே வந்தார் அக்தர் ஹமீத் கான். அறுபத்தைந்து வயதைக் கடந்தவர். ஆங்கிலேயர் காலத்து ஐ.சி.எஸ். அதிகாரி, வங்காளப் பஞ்சத்தைக் கண்கூடாகப் பார்த்துவிட்டு 1945இல் பதவியை விட்டவர். அப்புறம் அலிகர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பூட்டுச் செய்யும் தொழிலாளியாகக் கொஞ்ச காலம் இருந்தார். பிறகு கிழக்குப் பாகிஸ்தானில் கொமில்லா கிராம வளர்ச்சித் திட்டத்தை நடத்தி 1963இல் மகசேசே விருது பெற்றார். ஒராங்கியில் அவர் தொடங்கிய திட்டத்துக்குப் பணம் கொடுத்தது பி.சி.சி.ஐ. என்ற பன்னாட்டு வங்கியின் அறக்கட்டளை (கிரிக்கெட் வாரியம் இல்லை). அந்த வங்கி 1991இல் மோசடி வழக்குகளில் மூழ்கிப்போனது தனிக் கதை.

வந்தவர் உடனே எதையும் கட்டவில்லை. மாதக்கணக்கில் நடந்து நடந்து பேசிக்கொண்டே இருந்தார். வீடே கட்டிக்கொண்டவர்கள் சாக்கடையை ஏன் போட்டுக்கொள்ளவில்லை? நான்கு தடைகள் தெரிந்தன. ஒன்று மனத்தடை: சாக்கடை போடுவது சர்க்கார் வேலை, இலவசமாக வந்து போடுவார்கள் என்ற நம்பிக்கை. அடுத்தது பணம்: அரசு ரேட்டில் எஸ்டிமேட் போட்டால் எந்த ஏழைக்கும் கட்டுப்படியாகாது. மூன்றாவது தொழில்நுட்பம்: குழாய் வாட்டம் பார்க்க யாருக்கும் தெரியாது. நான்காவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வீட்டை ஒருவர் தனியாகக் கட்டலாம். சாக்கடையைத் தனியாகப் போட முடியாது. பக்கத்து வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பேசியாக வேண்டும்.

எத்தனை பக்கத்து வீட்டுக்காரர்கள்? இங்கேதான் ஒராங்கி திட்டம் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டது. வார்டு, பேட்டை என்று போகாமல் ஒரு சந்தை அலகாக எடுத்துக்கொண்டது. ஒரு சந்தில் இருபதிலிருந்து நாற்பது வீடு. எல்லாருக்கும் எல்லார் முகமும் தெரியும். காசு கொடுக்காதவர் யார் என்பதும் மறுநாள் காலையிலேயே தெரியும். சந்து மக்கள் தங்களுக்குள் ஒருவரைப் பொறுப்பாளராகத் தேர்ந்தெடுப்பார்கள். அவர் எழுதிக் கேட்டால் திட்டத்து ஆட்கள் வந்து மட்டம் பார்த்து, வரைபடம் போட்டு, செலவுக் கணக்குக் கொடுப்பார்கள். கருவிகளை இரவல் தருவார்கள். பணத்தை மட்டும் கையால் தொடவே மாட்டார்கள். வசூல், செலவு, ஆள் கூலி எல்லாம் சந்தின் பொறுப்பு. சந்து மொத்தமும் ஒத்துவராவிட்டால் திட்டம் அங்கே போகாது.

பணத்தைத் தொடாதது நல்லெண்ணத்தால் மட்டும் எடுத்த முடிவு இல்லை. தொட்டிருந்தால் இரண்டே மாதத்தில் "எங்கள் காசு எங்கே" என்ற சண்டை வந்திருக்கும். நம் ஊரில் நடக்கிற எத்தனையோ நல்ல காரியங்கள் நின்றுபோவதே அந்த ஒரு இடத்தில்தான்.

செலவு எப்படிக் குறைந்தது? கட்டடக் கலைஞர் ஆரிஃப் ஹசன் உள்ளிட்டவர்கள் அரசு எஸ்டிமேட்டைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார்கள். கான்ட்ராக்டர் லாபமும் அதற்குமேல் போகும் கமிஷனும் சந்தில் தேவையில்லை. லாரி போகாத சந்தில் குழாயை ஆழத்தில் புதைக்க வேண்டியதில்லை. ஆழம் குறைந்தால் தோண்டும் கூலியும் குறையும், ஆள் இறங்கும் குழியும் சிறிதாகும். அந்தக் குழியைச் செங்கல் வைத்துக் கட்டாமல் இரும்பு அச்சில் கான்கிரீட்டாக வார்த்தார்கள். அச்சு ஒன்று, குழி நூறு. வீட்டுக்கும் சந்துக் குழாய்க்கும் நடுவே 'ஹௌதி' என்ற சின்னத் தொட்டி வைத்தார்கள்; கெட்டிக் கழிவு அதில் தங்கிவிடும், குழாய் அடைக்காது. கடைசியில் ஒரு வீட்டுக்கான செலவு, கழிப்பறையும் சேர்த்து, அன்றைய மதிப்பில் நூறு டாலருக்கும் கீழே வந்தது. ஏழைக் குடும்பம் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுக்கக்கூடிய தொகை.

எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. ஆரம்பத்தில் பல சந்துகளில் வேலை சொதப்பியது. கலவை சரியில்லை, கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விட்டு க்யூரிங் செய்யவில்லை. உள்ளூர்க் கொத்தனார்களுக்குச் சொல்லிக்கொடுத்து, சொல்லிக்கொடுத்துத்தான் சரியானது. ஆனால் ஒரு சந்து போட்டு முடித்தால் அடுத்த சந்து எட்டிப் பார்க்கும். 1981இல் தொடங்கிய வேலை இப்படியே பரவி, பின்னாட்களில் ஒராங்கியின் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேற்பட்ட சந்துகளில் சாக்கடை வந்தது.

இதுவரைக்கும்தான் பெரும்பாலும் எல்லாரும் சொல்வார்கள். அடுத்த கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு: சந்துக் குழாயில் போகிற கழிவு எங்கே போய் விழுந்தது?

ஒராங்கிக்காரர்கள் வேலையை ஆரம்பத்திலேயே இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். வீட்டுக் கழிப்பறை, சந்துக் குழாய், சந்துகளைச் சேர்க்கும் கிளைக் குழாய்: இவை உள்வேலை. மக்கள் செய்துகொள்வார்கள், செலவும் அவர்களுடையது. பெரிய பிரதானக் குழாய், சுத்திகரிப்பு நிலையம்: இவை வெளிவேலை. இதை மக்களால் செய்ய முடியாது, செய்யச் சொல்லவும் கூடாது. அரசுதான் செய்ய வேண்டும்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இது தானம் கேட்பதும் இல்லை, அரசை விட்டுவிடுவதும் இல்லை. "எங்கள் பங்கை முடித்துவிட்டோம், இதோ குழாய், இனி உங்கள் பங்கு எங்கே?" என்று கேட்கும் இடத்தில் மக்களைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. மனுவோடு நிற்பவருக்கும் முடித்த வேலையோடு நிற்பவருக்கும் அதிகாரியின் மேசைக்கு முன்னால் வித்தியாசம் உண்டு.

அரசு தன் பங்கைச் செய்ததா என்றால், அரைகுறையாகத்தான். கழிவு இயற்கையான ஓடைகளில் விழுந்தது. அங்கே அவற்றை 'நாலா' என்பார்கள். நாலாக்கள் வழியே கடலுக்குப் போயிற்று. இதில் குறை சொல்பவர்கள் சொல்வது நியாயம்தான்: சந்து சுத்தமானது, கடல் நாறியது.

ஆனால் இந்த இடத்தில்தான் ஒராங்கியின் இரண்டாவது பெரிய வேலை பிறந்தது. அப்பகுதி இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, குடியிருப்பு குடியிருப்பாக நடந்து, எந்தக் குழாய் எங்கே போகிறது, எந்த ஓடையில் சேர்கிறது என்று வரைபடம் போட்டார்கள். இதை முன்னின்று நடத்தியவர் பர்வீன் ரஹ்மான் என்ற கட்டடக் கலைஞர். கழிவுநீர் ஏற்கெனவே ஓடைகளின் போக்கில்தான் போய்க்கொண்டிருக்கிறது. திட்டம் போடுபவர்கள் அதைக் கணக்கில் எடுப்பதே இல்லை என்பது வரைபடத்தில் தெரிந்தது. ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் கராச்சியின் கோரங்கி பகுதிக்கு ஒரு பெரிய கழிவுநீர்த் திட்டம் வந்தபோது, இந்த வரைபடங்களைக் காட்டி, மிகக் குறைந்த செலவில் மாற்று வழி இருக்கிறது என்று வாதாடினார்கள். 1999இல் அரசு அந்தக் கடனை வேண்டாம் என்று விட்டது. கடன் தொகை 7 கோடி டாலர். பத்துப் பன்னிரண்டு வகுப்புப் படித்த பையன்கள் தெருவில் நடந்து போட்ட கோடுகள் அத்தனை பெரிய கடனை நிறுத்தியிருக்கின்றன.

வரைபடத்துக்கு ஆபத்தும் உண்டு. நிலம் யாருடையது, தண்ணீர் லாரிகளுக்குக் குழாய்த் தண்ணீர் எங்கே திருடப்படுகிறது என்றெல்லாம் பதிவாக ஆரம்பித்தபோது அது பலர் வயிற்றில் அடித்தது. பர்வீன் ரஹ்மான் 2013 மார்ச் 13 அன்று, அலுவலகத்திலிருந்து வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2020 ஆகஸ்டில் கராச்சியில் பெருவெள்ளம். ஓடைகளை அகலப்படுத்த வேண்டும் என்று முடிவாகி, 2021இல் குஜ்ஜர் நாலா, ஒராங்கி நாலா ஓரங்களில் ஆயிரக்கணக்கான வீடுகளை இடித்தார்கள். அரசே கொடுத்த குத்தகைப் பத்திரம் வைத்திருந்தவர்கள் வீடும் போயிற்று. மக்கள் சாக்கடையைப் போட்டுக்கொள்ளலாம்; காலடி நிலம் உறுதியாக இல்லையென்றால் புல்டோசர் வரும்போது சாக்கடை காப்பாற்றாது.

சரி, நிலத்துக்கு யாராவது வழி கண்டார்களா? இரண்டு ஊர்களைச் சொல்லலாம்.

மும்பைக் கதையில் நம் ஆள் ஒருவர் இருக்கிறார். ஜோக்கின் அற்புதம். கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர், 1960களில் பம்பாய்க்குப் போய்த் தச்சு வேலை செய்தவர். பாபா அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனியில் வசித்தார். அங்கே குப்பை அள்ள யாரும் வரவில்லை என்றதும் குழந்தைகளைத் திரட்டி, ஆளுக்குக் கொஞ்சம் குப்பையைத் தூக்கவைத்து, மாநகராட்சி அலுவலக வாசலில் கொண்டுபோய்க் கொட்டியதிலிருந்து அவர் பொதுவாழ்க்கை ஆரம்பித்தது. சுமார் 70,000 பேர் வாழ்ந்த அந்தக் காலனியை நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், இடித்து மக்களைச் சீட்டா கேம்ப் என்ற இடத்துக்கு அனுப்பினார்கள். வழக்கு, போராட்டம், தில்லிப் பயணம் எல்லாம் செய்தும் காலனி போயிற்று. கத்துவது மட்டும் போதாது என்ற பாடத்தை அவர் அங்கேதான் படித்தார் என்று நான் நினைக்கிறேன். பிறகு ஷீலா படேல் தொடங்கிய ஸ்பார்க் அமைப்போடும், நடைபாதைப் பெண்களின் மகிளா மிலன் அமைப்போடும் சேர்ந்து வேறு மாதிரி வேலை செய்தார்.

அந்த வேறு மாதிரி வேலை, எண்ணுவது. 1985இல் நடைபாதைவாசிகளை அப்புறப்படுத்துவது பற்றிய ஒல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பிழைப்புக்கான உரிமையும் உயிர்வாழும் உரிமையின் பகுதிதான் என்றது. ஆனால் முறைப்படி நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம் என்றும் சொல்லிவிட்டது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்த தீர்ப்பு. அந்த நேரத்தில் நடைபாதை மக்கள் தங்களைத் தாங்களே கணக்கெடுத்தார்கள். ஏறத்தாழ 6,000 குடும்பங்கள். எந்த ஊர், என்ன வேலை, எத்தனை வருஷமாக இங்கே என்று எழுதினார்கள். நடைபாதைக்காரர்கள் வந்து போகிறவர்கள் அல்லர், பலர் பத்து, இருபது வருஷமாக அதே இடத்தில் இருந்து, நடந்து போகும் தூரத்தில் வேலை செய்கிறவர்கள் என்பது தெரிந்தது. அதுவரை அரசாங்கக் கணக்கில் அவர்கள் தலை எண்ணிக்கைகூடக் கிடையாது. பெண்கள் தினம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று வீடு வீடாகச் சேமிப்பு வசூலித்தார்கள். சீட்டுப் பிடித்துப் பழகிய நம் வீட்டுப் பெண்களுக்கு இது புதிதில்லை. வசூலிக்கப் போகிறவர் தினமும் ஒவ்வொரு வாசலிலும் நிற்பதால் யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வீட்டில் அடி விழுகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பணத்தைவிட அந்தத் தகவல்தான் சொத்து.

இந்தக் கூட்டணி 1999இலிருந்து புணே மாநகராட்சியோடு சேர்ந்து பொதுக் கழிப்பறைகள் கட்டியது. அப்போதைய ஆணையர் ரத்னாகர் கெய்க்வாட் கான்ட்ராக்டர்களுக்குப் பதில் இப்படிப்பட்ட அமைப்புகளை அழைத்தார். கட்டியதில் பெண்கள் சொல்லிச் செய்த ஒரு விஷயம்: குழந்தைகளுக்குத் தனிக் கழிப்பறை. வரிசையில் நிற்கும் குழந்தையைப் பெரியவர்கள் தள்ளிவிடுவார்கள், அது வெளியிலேயே இருந்துவிடும். இது எந்தப் பொறியாளருக்கும் தோன்றியிருக்காது. வரிசையில் குழந்தையோடு நின்றவருக்குத்தான் தோன்றும்.

நிலத்தையே தீர்த்தது என்றால் தாய்லாந்தைத்தான் சொல்ல வேண்டும். 2003இல் 'பான் மன்கோங்' திட்டம் தொடங்கியது. அங்கே அரசு வீடு கட்டித் தரவில்லை. குடியிருப்பு மக்கள் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்தால் சங்கத்துக்கு மலிவு வட்டியில் கடன், சாலைக்கும் குழாய்க்கும் மானியம். நிலத்தை வாங்குவதா, நீண்டகாலக் குத்தகை எடுப்பதா என்று நில உரிமையாளரோடு சங்கம்தான் பேரம் பேசும். பாங்காக்கின் பாங் புவா கால்வாய் ஓரத்தில் வீடுகள் தண்ணீருக்கு மேலேயே நீட்டிக்கொண்டிருந்தன. கராச்சி நாலா மாதிரியேதான். ஆனால் இங்கே மக்கள் வீடுகளைத் தாங்களே பின்னால் தள்ளிக் கட்டி, கரையில் பாதை விட்டு, கருவூலத் துறையிடம் 30 ஆண்டுக் குத்தகை வாங்கினார்கள். கால்வாயும் பிழைத்தது, அவர்களும் அங்கேயே இருக்கிறார்கள். அதே சிக்கலுக்குக் கராச்சியில் புல்டோசர், பாங்காக்கில் குத்தகை. தாய்லாந்தில் கடன் கொடுக்க ஒரு அரசு நிதியம் இருந்தது, அதை நடத்தியவர்கள் மக்களோடு பேசத் தெரிந்தவர்கள். மாற்றம் அங்கேதான்.

இந்த முறைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு ஓட்டை உண்டு: வாடகைக்கு இருப்பவர். கென்யத் தலைநகர் நைரோபியின் முகுரு குடிசைப் பகுதியை 2017இல் மாவட்ட அரசு சிறப்புத் திட்டப் பகுதியாக அறிவித்தது. லட்சம் குடும்பங்களுக்கு மேல் இருக்கும் இடத்தில் மக்களையும் உட்காரவைத்துத் திட்டம் போட்டார்கள், பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அங்கே பெரும்பாலோர் தகரக் கொட்டகைகளில் வாடகைக்கு இருப்பவர்கள். சாக்கடை வந்து தெரு நன்றாகிவிட்டால் வாடகை ஏறும், ஏறினால் அவர்கள்தான் கிளம்ப வேண்டும். ஒராங்கியில் வீட்டுக்குச் சொந்தக்காரர் என்ற நினைப்பு இருந்ததால் மக்கள் காசு போட்டார்கள். வாடகைக்காரர் எதற்குப் போடுவார்? இதற்கு நான் நல்ல பதில் எதையும் இதுவரை பார்க்கவில்லை.

இனி உங்கள் தெரு. செய்யலாமா என்றால், வசூலை ஆரம்பிக்கும் முன் தெருக்கோடிக்கு நடந்து போய்ப் பாருங்கள். உங்கள் குழாய் எதில் போய்ச் சேரும்? மாநகராட்சியின் பிரதானக் குழாய் எட்டும் தூரத்தில் இருந்து, இணைப்புக்கு அனுமதியும் கிடைக்கும் என்றால் தெருவேலையைப் பற்றி யோசிக்கலாம். அது இல்லாமல் மழைநீர் வடிகாலிலோ ஏரியிலோ விடுவதாக இருந்தால் வேண்டாம். உங்கள் வாசல் அழுக்கை அடுத்த தெரு வாசலில் கொட்டுகிற வேலை அது. அந்தப் பணத்தை இப்போதைக்குச் செப்டிக் டேங்குகளைச் சரியாகக் கட்டுவதற்கும், நிரம்பினால் உரிமம் உள்ள லாரியை வைத்து எடுப்பதற்கும் செலவிடுங்கள். பிரதானக் குழாய் கேட்டு மனு கொடுக்கும்போது தெருவின் மட்டம், வீட்டு எண்ணிக்கை, வரைபடம் மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். மட்டம் பார்க்க ஒரு நாள் சர்வேயர் கூலிதான் ஆகும்.

குழாய் போடுவதாகவே முடிவானால் இன்னொரு கேள்வியை முதல் கூட்டத்திலேயே கேட்டுவிடுங்கள்: அடைத்துக்கொண்டால் யார் எடுப்பது? நம் நாட்டில் பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை உள்ளே இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனாலும் இறக்குகிறார்கள், யாரை இறக்குகிறார்கள் என்பதும் நமக்குத் தெரியும். தெருவே போடுகிற சாக்கடையில் அந்த யோசனையே வரக்கூடாது. ஆழத்தைக் குறைத்து, குழியைச் சிறிதாக, மேலே நின்றபடியே குச்சி விட்டு அடைப்பெடுக்கும் அளவில் போடச் சொல்லுங்கள். எஸ்டிமேட் கொடுக்கிற ஆள் "ஆள் இறங்க வசதியாக" என்று பெரிய குழி எழுதியிருந்தால் அந்த வரியை அவர் முன்னாலேயே அடித்துவிடுங்கள்.